லண்டனை நடுவில் வைக்காதீர்கள்: ஷெங்கன் விசா குறித்து ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: ஐயா, நானும் என் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். எனக்கு வயது 66, மனைவிக்கு 62. இருவரும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறோம். ஐரோப்பாவுக்கு இதுவரை சென்றதில்லை. செப்டம்பர் 12ஆம் தேதி பாரிசில் இறங்கி அங்கே 4 இரவும், பிறகு லண்டனில் என் தம்பி மகன் வீட்டில் 5 இரவும், சுவிட்சர்லாந்தில் 5 இரவும், இத்தாலியில் 7 இரவும் தங்கி, அக்டோபர் 3ஆம் தேதி ரோமிலிருந்து திரும்பத் திட்டமிட்டிருக்கிறோம். இத்தாலித் தூதரகத்துக்கு விண்ணப்பிக்க நாள் கிடைப்பது கடினம் என்றும், எந்த ஷெங்கன் நாட்டுக்கு விரைவில் நாள் கிடைக்கிறதோ அங்கே விண்ணப்பித்தால் அந்த விசாவிலேயே எல்லா நாடுகளுக்கும் போகலாம் என்றும் எங்கள் முகவர் கூறுகிறார். வங்கிக் கணக்கில் சில லட்சங்களைக் கடன் வாங்கியாவது ஒரு மாதம் போட்டு வைக்கச் சொல்கிறார். விமான டிக்கெட்டை அவரே 'தயார் செய்து' தருவாராம். மனைவியின் கடவுச்சீட்டு டிசம்பர் 22 வரை செல்லும். என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக உள்ளது. விசா கிடைத்துவிட்டால் விமான நிலையத்தில் வேறு சிக்கல் எதுவும் வராது அல்லவா?

பதில்:

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தில் கேள்விகள் பல இருந்தாலும், அவற்றுள் மிக அவசரமானது நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் சொல்லிவிட்ட ஒன்று. ஷெங்கன் பகுதியை, அதாவது ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுதியை, விட்டு வெளியேறத் திட்டமிட்ட நாளுக்குப் பிறகும் கடவுச்சீட்டு குறைந்தது 3 மாதங்கள் செல்லுபடியாக வேண்டும் என்பது விதி. நீங்கள் அக்டோபர் 3ஆம் தேதி வெளியேறுகிறீர்கள் என்றால், உங்கள் மனைவியின் கடவுச்சீட்டு ஜனவரி 3 வரையாவது உயிருடன் இருக்க வேண்டும்; அது டிசம்பர் 22ஆம் தேதியே முடிந்துவிடுகிறது. பன்னிரண்டே நாள்தானே என்று எந்தத் தூதரகமும் விட்டுக்கொடுக்காது. அந்தக் கடவுச்சீட்டை வைத்து விண்ணப்பமே ஏற்கப்படாது. எனவே வேறு எதையும் தொடங்குவதற்கு முன் அவருடைய கடவுச்சீட்டைப் புதுப்பித்துவிடுங்கள். நடுவில் புதுப்பித்தால் எண் மாறிவிடும். பழைய எண்ணில் எடுத்த காப்பீடு, முன்பதிவு, விண்ணப்பப் படிவம் எல்லாவற்றையும் மறுபடியும் தொட வேண்டி வரும். கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், குறைந்தது 2 வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும் என்ற மற்ற இரண்டு நிபந்தனைகளும் உண்டு. முதலாவது, பத்தாண்டு செல்லும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குப் பெரும்பாலும் தானாகவே நிறைவேறிவிடும்; இரண்டாவதை உங்கள் கடவுச்சீட்டிலும் ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உங்கள் பயண வரிசை. முகவர் இதைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் எழுதியபடி பயணம் செய்தால் பாதி வழியில் நின்றுபோகும் வாய்ப்பு உண்மையிலேயே இருக்கிறது. ஷெங்கன் பகுதி என்பது இன்றைக்கு 29 நாடுகள் சேர்ந்தது. அயர்லாந்தும் சைப்ரசும் தவிர்த்த ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 25. ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிச்டென்ஸ்டைன் ஆகிய நான்கு. குரோவேஷியா 2023ஆம் ஆண்டின் முதல் நாளில் சேர்ந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025ஆம் ஆண்டின் முதல் நாளில் முழுமையாக இணைந்தன. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்திலும் இந்த ஏற்பாட்டில் இருந்ததில்லை. ஆகவே பாரிசிலிருந்து லண்டன் செல்லும் கணத்தில் நீங்கள் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறிவிடுகிறீர்கள். லண்டனிலிருந்து சூரிச்சில் இறங்கும்போது அது இரண்டாவது நுழைவு. உங்கள் விசாவில் ஒரே ஒரு நுழைவுக்குத்தான் அனுமதி இருக்குமானால், விசாவின் தேதி முடியாமல் இருந்தாலும், தங்கும் நாட்கள் மிச்சம் இருந்தாலும், லண்டனில் விமானம் ஏறவே விடமாட்டார்கள். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் கட்டிய பணத்தை நினைத்துக்கொண்டு தம்பி மகன் வீட்டிலிருந்தே ஊர் திரும்ப வேண்டியதுதான்.

இரட்டை நுழைவு அல்லது பன்முறை நுழைவு விசா கேட்டு வாங்கலாம் என்பது உண்மை. பயணத் திட்டத்தில் காரணம் தெரிந்தால் தருவார்கள். ஆனால் முதல்முறை விண்ணப்பிப்பவர் தம்முடைய முழுப் பயணத்தையும் அந்த ஒரு எண்ணின் மீது ஏற்றி வைப்பது தேவையற்ற துணிச்சல். நான் சொல்வது எளிய மாற்றம்தான்: லண்டனை நடுவிலிருந்து எடுத்து முதலில் வையுங்கள். செப்டம்பர் 12ஆம் தேதி லண்டனில் இறங்கி 5 இரவு தங்குங்கள். 17ஆம் தேதி யூரோஸ்டார் ரயிலில் பாரிஸ் சென்று 4 இரவு. 21ஆம் தேதி சுவிட்சர்லாந்து. 26ஆம் தேதி இத்தாலி. அக்டோபர் 3ஆம் தேதி ரோமிலிருந்து வீடு. பார்க்கும் ஊர்களில் ஒன்றுகூடக் குறையவில்லை, தங்கும் இரவுகளும் அப்படியே இருக்கின்றன. ஷெங்கன் பகுதிக்குள் நுழைவது மட்டும் ஒரே ஒருமுறை என்றாகிவிடுகிறது. லண்டன் செல்லும் விமானம் மட்டும் பாரிஸ், பிராங்பர்ட், ஆம்ஸ்டர்டாம் போன்ற ஷெங்கன் விமான நிலையம் எதிலும் மாறிச் செல்வதாக இருக்க வேண்டாம். நேரடி விமானமாகவோ வளைகுடா வழியாகவோ இருக்கட்டும். மாறும் இடத்தில் பெட்டியை வாங்கி மறுபடியும் கொடுக்க நேர்ந்தால் குடிவரவு எல்லையைக் கடக்க வேண்டியிருக்கும். செப்டம்பர் 17 முதல் தொடங்கும் விசா 12ஆம் தேதி உதவாது.

பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும் என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். சாதாரணப் பார்வையாளர் விசா என்பது அதன் பெயர். வழக்கமாக 6 மாதங்களுக்குத் தருகிறார்கள். பயண நாளுக்கு முந்தைய 3 மாதங்களுக்குள்தான் அதற்கு விண்ணப்பிக்க முடியும், முடிவு வர ஏறத்தாழ 3 வாரங்கள் ஆகும். ஷெங்கன் விசாவுக்கோ 6 மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்னராவது விண்ணப்பித்திருக்க வேண்டும். இரண்டு விசாக்களும் வேண்டியிருப்பதால் எது முதலில் என்ற கேள்வி எழுகிறது. உங்கள் பயணம் லண்டனில் தொடங்குவதாக மாறிவிட்ட நிலையில், பிரிட்டன் விசாவை முதலில் வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. லண்டனிலிருந்து வருகிறோம் என்று சொல்பவரிடம் லண்டன் போவதற்கான அனுமதி எங்கே என்று ஷெங்கன் நாட்டுத் தூதரகம் கேட்க இடமிருக்கிறது. கையில் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது. ஜூன் 12ஆம் தேதியை ஒட்டிப் பிரிட்டனுக்கு விண்ணப்பித்தால் ஜூலை முதல் வாரத்தில் முடிவு வந்துவிடும் என்று எதிர்பார்க்கலாம். ஷெங்கன் விண்ணப்பத்துக்கு ஜூலை இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில் ஒரு நாளை இப்போதே பிடித்து வையுங்கள். அதன் மீது முடிவெடுக்க அவர்களுக்கு உள்ள காலம் 15 நாட்கள், கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 45 நாட்கள் வரை. அந்த நீண்ட கணக்கின்படி பார்த்தாலும் செப்டம்பர் தொடக்கத்துக்குள் முடிந்துவிடும்.

இனி, எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். ஷெங்கன் விசா எந்த நாடு கொடுத்தாலும் எல்லா நாடுகளிலும் செல்லும் என்று உங்கள் முகவர் சொன்னது சரி. அதனால் எந்த நாட்டிடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அவர் அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. பயணத்தின் முதன்மையான இடம் எதுவோ அந்த நாடுதான் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க உரிமை உள்ளது; சுற்றுலா என்றால் எங்கே அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அதுவே முதன்மையான இடம். இரண்டு மூன்று நாடுகளில் தங்கும் நாட்கள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு என்ற விதி வருகிறது. உங்களுக்குப் பிரான்சில் 4, சுவிட்சர்லாந்தில் 5, இத்தாலியில் 7. ஆகவே இத்தாலி, அதில் ஐயமில்லை. இத்தாலி கொடுத்த விசாவில் பிரான்ஸ் வழியாக நுழையலாமா என்ற அச்சம் பலருக்கும் உண்டு. தாராளமாக நுழையலாம், இத்தாலியில் 7 இரவு தங்கப் போவதற்கான முன்பதிவு உங்கள் கைப்பையில் இருந்தால் போதும்.

உரிமையில்லாத நாட்டின் தூதரகத்திடம் ஒருவர் அறியாமல் உண்மையான திட்டத்துடன் விண்ணப்பித்தால் பெரிய கேடு எதுவும் இல்லை: விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் திருப்பித் தந்து, சரியான தூதரகம் எது என்று சொல்லி அனுப்ப வேண்டும் என்றே ஷெங்கன் விசா விதித்தொகுப்பு கூறுகிறது. உங்கள் முகவர் சொல்லும் வழி அப்படிப்பட்டதல்ல. போகவே போகாத நாட்டில் ஏழெட்டு இரவுகள் தங்குவதாக விடுதி முன்பதிவு காட்டி, விசா வந்ததும் அவற்றை ரத்து செய்வதுதான் அந்த வழி. இது பிடிபடாமலே போகலாம், போயும் இருக்கிறது. பிடிபட்டால், விசா பெற்றபோதே நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று அதை எல்லையிலேயே செல்லாததாக்க முடியும். என்னிடம் பின்னர் ஆலோசனைக்கு வந்த ஒரு தம்பதியிடம் குடிவரவு அதிகாரி கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "இன்று இரவு எங்கே தங்குகிறீர்கள்?" கணவர் காகிதத்தில் இருந்த ஊரைச் சொன்னார், மனைவி உண்மையில் போக இருந்த ஊரைச் சொன்னார். சில மணி நேர விசாரணைக்குப் பிறகு உள்ளே விட்டார்கள் என்றாலும், அதற்குள் அவர்களுடைய ரயில் போய்விட்டது. அந்த மனைவி பயணம் முழுவதும் சரியாகத் தூங்கவில்லை என்று சொன்னார்.

இத்தாலிக்கு நாள் கிடைக்கவே கிடைக்காது என்ற நிலை வந்தால் நேர்மையான மாற்று ஒன்று உண்டு. திட்டத்தையே மாற்றிக்கொள்ளுங்கள்: சுவிட்சர்லாந்தில் 7 இரவு, இத்தாலியில் 5 இரவு என்று வைத்துக்கொண்டால் சுவிஸ் தூதரகமே உங்களுக்கு உரியதாகிவிடும். அப்படி மாற்றினால் அங்கே உண்மையிலேயே 7 இரவு தங்க வேண்டும். செலவு கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வங்கிக் கணக்கைப் பற்றி முகவர் சொன்னது எனக்குச் சற்றுக் கோபத்தையே உண்டாக்கியது. தூதரகத்தில் கணக்கறிக்கையைப் பார்ப்பவர் கடைசி வரியில் உள்ள இருப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார் என்று யாரோ கட்டிவிட்ட கதை இன்னும் உலவிக்கொண்டிருக்கிறது. சில மாத வரவு செலவைக் கேட்பதே பணம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்குத்தான். மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிற, அளவாகச் செலவாகிற ஒரு கணக்கில், விண்ணப்பத்துக்கு மூன்று வாரம் முன்பு எங்கிருந்தோ சில லட்சங்கள் வந்து விழுந்தால், அது பலமாகத் தெரியாது, கேள்வியாகத்தான் தெரியும். உங்கள் ஓய்வூதிய ஆணை, வங்கியில் பல ஆண்டுகளாக உள்ள நிரந்தர வைப்பின் சான்று, வருமான வரிக் கணக்கு, இருந்தால் வீட்டு ஆவணத்தின் நகல் ஆகியவை, கடன் வாங்கிப் போட்ட தொகையைவிட உங்களுக்காக நன்றாகப் பேசும். எவ்வளவு இருந்தால் போதும் என்பதற்கு ஒவ்வொரு நாடும் நாளொன்றுக்கு ஒரு தொகையை வைத்திருக்கிறது. சுவிட்சர்லாந்து 100 பிராங்க் என்றும், பிரான்ஸ் விடுதி முன்பதிவு உள்ளவருக்கு 65 யூரோ என்றும் கணக்கிடுகின்றன. இருவருக்கும் இரண்டரை வாரத்துக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். பெரும்பாலான ஓய்வூதியர்கள் அஞ்சுகிற அளவுக்கு அது பெரிய தொகையாக இருக்காது.

டிக்கெட்டைத் 'தயார் செய்து' தருவது என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. விமான நிறுவனத்தில் உண்மையாகவே முன்பதிவு செய்து, பணம் செலுத்தாமல் சில நாட்கள் நிறுத்தி வைப்பதோ, ரத்து செய்தால் பணம் திரும்பும் டிக்கெட்டை வாங்குவதோ முறையானது. விசா கிடைக்கும் முன் முழுப் பணத்தையும் கட்டி டிக்கெட் வாங்க வேண்டாம் என்றே பல தூதரகங்களும் அறிவுறுத்துகின்றன. கணினியில் ஒரு டிக்கெட்டின் உருவத்தைச் செய்து அச்சிட்டுக் கொடுப்பது போலி ஆவணம். முன்பதிவு எண்ணை விமான நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். உங்கள் பெயர்கள் அங்கே வந்தால் முதல் வகை, வராவிட்டால் இரண்டாம் வகை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுபவர் நீங்கள், முகவர் அல்ல. விசா மறுக்கப்பட்டால், மறுக்கப்பட்டது என்ற செய்தி விசா தகவல் அமைப்பு என்ற பொதுத் தரவுத்தளத்தில் 5 ஆண்டுகள் வரை இருக்கும். 29 நாடுகளின் தூதரகங்களும் அதைக் காணும். காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்து மூலமாகவே மறுக்க வேண்டும், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் விண்ணப்பக் கட்டணம், 2024 ஜூன் 11 முதல் தலைக்கு 90 யூரோ, மறுக்கப்பட்டால் திரும்ப வராது. தூதரகத்துக்காக விண்ணப்பங்களைப் பெற்றுக்கொள்ளும் விண்ணப்ப மையம் தன் சேவைக்கு வாங்கும் தொகை அதற்கு மேல்.

விண்ணப்பத்தின்போது இருவரும் நேரில் சென்று பத்து விரல்களின் ரேகையையும் பதிய வேண்டும். உங்கள் வயதில் அதற்கு விலக்கு இல்லை. ஒருமுறை பதிந்தால் 59 மாதங்களுக்குள் செய்யும் அடுத்த விண்ணப்பத்துக்கு அதையே பயன்படுத்திக்கொள்வார்கள்.

காப்பீட்டில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். அவசர மருத்துவம், மருத்துவமனைச் சிகிச்சை, நோயுற்றாலோ இறந்தாலோ நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவு ஆகியவற்றுக்குக் குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு, ஷெங்கன் பகுதி முழுவதற்கும், தங்கும் எல்லா நாட்களுக்கும் செல்லும் காப்பீடு கட்டாயம். இது விசாவுக்காக வாங்கும் காகிதம் என்ற எண்ணத்தில், இருப்பதிலேயே மலிவான ஒன்றைப் பலரும் வாங்கிவிடுகிறார்கள். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு வயது வரம்பால் தொகை குறைக்கப்பட்டிருக்கிறதா, ஏற்கெனவே உள்ள நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றால் வரும் அவசர நிலையை அது விலக்குகிறதா என்பதைச் சிறிய எழுத்தில் உள்ள பகுதியில் தேடிப் படியுங்கள். நோய் இருப்பதை மறைத்து எடுத்த காப்பீடு விசாவை வாங்கித் தரும், மருத்துவமனையில் கைவிட்டுவிடும். லண்டனில் தங்கும் 5 நாட்கள் ஷெங்கன் காப்பீட்டில் அடங்காது என்பதால் பிரிட்டனையும் சேர்த்த காப்பீடாக எடுத்துக்கொள்ளுங்கள்.

விசா ஒட்டிய கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் மகிழ்ச்சியில் மூடி வைத்துவிடாமல், அந்த ஒட்டுச்சீட்டை வரி வரியாகப் படியுங்கள். இதைப் படிப்பதில்தான் படித்தவர்களே தவறிவிடுகிறார்கள். அதில் 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை' என்று ஒரு காலம் இருக்கும். தங்கும் நாட்களின் எண்ணிக்கை என்று வேறொரு கட்டம் இருக்கும். நுழைவு எத்தனை முறை என்று இன்னொரு கட்டம். பயணம் சற்றுத் தள்ளிப்போனாலும் சமாளிக்கட்டும் என்று முதலில் சொன்ன காலத்தில் 15 நாட்களைச் சேர்த்துத் தருவது வழக்கம். அதைப் பார்த்துவிட்டு அத்தனை நாளும் தங்கலாம் என்று நினைக்கக் கூடாது. எத்தனை நாள் தங்கலாம் என்பதை அந்த எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் இரண்டும் முழு நாட்களாகக் கணக்கில் சேரும். இரவுகளை எண்ணினால் உங்களுக்கு 16 வரும். ஷெங்கன் கணக்கில் செப்டம்பர் 17 முதல் அக்டோபர் 3 வரை 17 நாட்கள். படிவத்தில் 17 என்றே எழுதுங்கள். ரோமிலிருந்து நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானத்தைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் அது எந்தத் தேதியில் போய் விழுகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது என்ற பொது விதி உங்கள் பயணத்துக்கு அருகில்கூட வராது. லண்டன் நாட்கள் அந்தக் கணக்கில் சேர்வதும் இல்லை. பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண் ஆகியவற்றில் பிழை இருந்தால் அன்றே விண்ணப்ப மையத்துக்கு எழுதுங்கள். விமான நிலையத்தில் கண்டுபிடித்துப் பயனில்லை.

விசா கிடைத்துவிட்டால் பிறகு சிக்கல் இல்லை அல்லவா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு, பெரும்பாலும் இல்லை என்பதே என் பதில். ஆனாலும் விசா என்பது எல்லை வரை செல்வதற்கான அனுமதிதான். அது இருப்பதனாலேயே உள்ளே விட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று விதித்தொகுப்பே சொல்கிறது. நீங்கள் தூதரகத்தில் சொன்ன அதே செய்தியை இன்னும் இரண்டு இடங்களில் சொல்ல நேரிடலாம். முதல் இடம் விமான நிறுவனத்தின் செக்-இன் கவுண்டர்: சரியான ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் நிறுவனத்துக்குப் பெரிய அபராதம் விழும் என்பதால் அங்கிருப்பவர் விசாவைக் கூர்ந்து பார்ப்பார். அடுத்தது எல்லை. நீங்கள் ரயிலில் செல்வதால் அந்த எல்லை பாரிசில் இருக்காது; லண்டன் செயின்ட் பான்கிராஸ் நிலையத்திலேயே பிரெஞ்சு எல்லைக் காவலர்கள் உங்களைச் சோதித்து, அங்கேயே ஷெங்கன் நுழைவைப் பதிவு செய்துவிடுவார்கள். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த நுழைவு-வெளியேற்றப் பதிவு முறையில், முத்திரை குத்துவதற்குப் பதிலாகப் பயணியின் முகப்படமும் நுழைந்த, வெளியேறிய நாட்களும் கணினியில் ஏறுகின்றன. முதல்முறை பதிவுக்கு நேரம் பிடிக்கும். அன்றைக்கு ரயில் நிறுவனம் சொல்லும் நேரத்துக்கும் சற்று முன்னதாகவே போய்விடுங்கள். அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கியவரை இந்த முறை தானாகவே காட்டிக்கொடுத்துவிடும்.

அதிகாரி கேட்கக்கூடியவை எளிய கேள்விகளே: எதற்காக வருகிறீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள். விடுதி முன்பதிவுகள், காப்பீடு, திரும்பும் டிக்கெட், பணத்துக்கான சான்று ஆகியவற்றின் அச்சுப் பிரதிகளைப் பெட்டியில் அல்ல, கைப்பையில் வைத்திருங்கள். பயணத் திட்டம் உங்கள் மனைவிக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். வீட்டில் ஆண்கள்தான் ஆவணங்களைப் பார்த்துக்கொள்வது என்ற நம் வழக்கத்தால், தனியாகக் கேட்கப்படும்போது பல பெண்கள் முதல் விடுதியின் பெயர்கூடத் தெரியாமல் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே நுழைந்தபின் பாரிசிலிருந்து சூரிச்சுக்கும் அங்கிருந்து மிலானுக்கும் ரயிலில் போகும்போது வழக்கமான குடிவரவுச் சோதனை இல்லை என்றாலும், இடையிடையே பார்ப்பார்கள் என்பதால் கடவுச்சீட்டு உடலோடு இருக்கட்டும். சுவிட்சர்லாந்து ஷெங்கனில் இருந்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் இல்லை. சுங்க அதிகாரிகள் பையைத் திறக்கச் சொன்னால் அதில் அசாதாரணம் எதுவும் இல்லை. இறைச்சியும் பாலும் சேர்ந்த உணவுப் பொருட்களை ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கொண்டு வருவதற்குத் தடை உண்டு. உறவினர் கொடுத்தனுப்பும் பலகாரப் பொட்டலங்களில் பால் சேர்ந்ததை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மருந்துகளை அவற்றின் உறைகளோடும், வணிகப் பெயர் மட்டுமன்றி மருந்தின் பொதுப்பெயரும் எழுதிய மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். வேறொரு ஷெங்கன் நாட்டிலிருந்து இத்தாலிக்குள் வரும் வெளிநாட்டவர் 8 நாட்களுக்குள் தம் வருகையைக் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்று அங்கே ஒரு விதி இருக்கிறது. விடுதியில் தங்குபவர்களுக்கு விடுதிப் பதிவே அதற்கு ஈடாகிவிடும். வரவேற்பில் கடவுச்சீட்டைக் கேட்டுக் குறித்துக்கொண்டால் தயங்காமல் கொடுத்து, மறக்காமல் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இறுதியாக உங்கள் பெயர். குடும்பப் பெயர் என்ற வழக்கம் நம்மிடம் இல்லாததால் உங்களைப் போல அந்த இடம் காலியாக உள்ள கடவுச்சீட்டுகள் ஏராளம். ஷெங்கன் விசாவுக்கு அது தடையல்ல. சிக்கல் வருவது, டிக்கெட்டில் தந்தை பெயரையும், காப்பீட்டில் முதலெழுத்தையும், விடுதியில் வேறொரு வடிவத்தையும் எழுதி ஒரே ஆளை மூன்று ஆட்களாக்கிவிடும்போதுதான். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். குடும்பப் பெயர் இல்லாமல் டிக்கெட் பதிவாகாது என்றால் அந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்று அந்த விமான நிறுவனத்திடமே கேளுங்கள், ஒவ்வொன்றும் ஒரு முறை வைத்திருக்கிறது. கணவன் மனைவி என்பதற்குக் கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் உள்ள துணைவர் பெயரே முதல் சான்று. உங்கள் மனைவியின் புதிய கடவுச்சீட்டில் உங்கள் பெயர், உங்கள் கடவுச்சீட்டில் உள்ள அதே எழுத்துகளில் அச்சாகிறதா என்பதை விண்ணப்பிக்கும்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் புதிய கடவுச்சீட்டு வீடு வந்து சேரும் வரை டிக்கெட்டுக்கோ விடுதிக்கோ திரும்பப் பெற முடியாத பணம் எதையும் கட்ட வேண்டாம்.